41 விதிகளில் 30 மட்டும் ஓடின: ஆர் மொழியில் ஒரு பொருள் நிரல்தானா என்று சோதித்த அனுபவம்

வரைபடத்தின் அடியில் தனியாக ஒரு புள்ளி கிடந்தது. மற்றப் புள்ளிகளெல்லாம் 60-க்கும் 110-க்கும் நடுவில் கூட்டமாக இருக்க, இது மட்டும் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. என்னோடு வேலை செய்யும் தம்பி திரையைக் காட்டி, "அக்கா, இந்தக் குழந்தைக்கு உயரம் 7.2 சென்டிமீட்டர்னு இருக்கே?" என்றான். 72 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி புகுந்துவிட்டது. தட்டச்சுப் பிழை எப்போதும் வரும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அதைப் பிடிக்கத்தான் நான் விதிகள் எழுதி வைத்திருந்தேன். உயரம் 45-க்கு மேல், 125-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று தெளிவாக ஒரு விதி இருந்தது. அது இந்த வரிசையை எப்படி விட்டது?

அந்தக் கேள்வியில் ஆரம்பித்த வேலை நான்கு நாள் இழுத்தது. அதை எழுதி வைக்கிறேன், புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியில் நிரலையே தரவாகக் கையாளும் வேறு யாருக்காவது உதவும். கட்டளைகளையும் வகைப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். ஆர் பழகியவர்களுக்கு எந்தக் கட்டளை என்று படித்தவுடனே தெரிந்துவிடும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 2,400 குழந்தைகளின் எடை, உயரம், வயது அடங்கிய கணக்கெடுப்புத் தரவு. அதைச் சரிபார்க்க 41 விதிகள். ஒவ்வொரு விதியையும் க்வோட் போட்டு, ஓடவிடாமல் அப்படியே நிரலாக ஒரு பட்டியலில் வைத்திருந்தேன்.

    விதிகள் <- லிஸ்ட்(
      எடை = க்வோட்(எடை_கிகி > 1.5 & எடை_கிகி < 30),
      வயது = க்வோட்(மாதம் >= 0 & மாதம் < 60),
      ...)

ஒரு சுற்று இந்தப் பட்டியலில் ஓடி, ஒவ்வொரு விதியையும் தரவின் மேல் எவால் செய்து, அதாவது ஓட்டி, ஃபால்ஸ் (பொய்) என்று வந்த வரிசைகளைக் குறித்துக்கொள்ளும். பட்டியலில் தவறிப்போய் வேறு ஏதாவது வந்துவிட்டால் குழப்பம் வேண்டாமே என்று, "இது நிரல்தானா" என்று கேட்கும் ஒரு வரியையும் சேர்த்திருந்தேன்.

    ஃபார் (வி இன் விதிகள்) {
      இஃப் (கிளாஸ்(வி) == "கால்") {
        முடிவு <- எவால்(வி, தரவு)
        தவறு <- சி(தவறு, விச்(!முடிவு))
      }
    }

கோளாறு இந்த இஃப் வரியில்தான் இருந்தது. கிளாஸ் என்பது ஒரு பொருளின் வகைப் பெயரைச் சொல்லும், "கால்" என்றால் ஓர் அழைப்பு. எல்ஸ் இல்லை என்பதையும் பாருங்கள். "கால்" என்று வராத எதுவும் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும்.

விதிகள் எல்லாவற்றுக்கும் கிளாஸ் என்ன வருகிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். 30 விதிகளுக்கு "கால்" வந்தது. 5 விதிகளுக்கு வந்தது வெறும் "{". 3-க்கு "(". ஒன்றுக்கு "இஃப்". ஒன்றுக்கு "நேம்". கடைசி ஒன்றுக்கு "லாஜிக்கல்". ஆக 41-ல் 11 விதிகள் ஒருநாள்கூட ஓடவில்லை. பல மாதமாக.

உயர விதி அந்த ஐந்து "{"-களில் ஒன்று. அதற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்திருந்தால் 0.7 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. அந்தத் திருத்தத்தை விதிக்குள்ளேயே செய்ய இரண்டு வரி தேவைப்பட்டது, அதனால் நெளிவு அடைப்புக்குறி போட்டேன்.

    உயரம் = க்வோட்({
      உ <- உயரம்_செமீ + இஃப்எல்ஸ்(நின்று & மாதம் < 24, 0.7, 0)
      உ > 45 & உ < 125
    })

அடைப்புக்குறி போட்டதும் இதன் கிளாஸ் மாறிவிட்டது. கவனம் எடுத்து எழுதிய விதிகள்தான் ஓடாமல் போயின, ஒற்றை வரியில் எழுதியவை ஓடின. இதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஏன் இப்படி? ஆர் மொழியில் எல்லாச் செயலும் ஓர் அழைப்பு. எடை > 1.5 என்று நாம் எழுதுவதை, > என்ற ஃபங்ஷனை இரண்டு உறுப்புகளோடு அழைப்பதாகவே பார்சர் (நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) புரிந்துகொள்கிறது. நெளிவு அடைப்பும் ஒரு ஃபங்ஷன். இஃப், ஃபார், ஒதுக்கீட்டு அம்பு எல்லாமே அப்படித்தான். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆர் மொழியை உருவாக்கியபோது, வெளித்தோற்றத்தை எஸ் மொழியிலிருந்தும் உள்ளே வேலை செய்யும் விதத்தில் நிறையவற்றை லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியிலிருந்தும் எடுத்தார்கள். நிரலும் ஒரு பட்டியல்தான், அதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக் கட்டலாம் என்ற லிஸ்ப் குடும்பத்து வழக்கம் அப்படித்தான் உள்ளே வந்தது. க்வோட்(அ + ஆ) என்பதன் முதல் உறுப்பைக் கேட்டால் + என்ற பெயர் கிடைக்கும், இரண்டாவது அ, மூன்றாவது ஆ.

ஆக உள்ளே அத்தனையும் ஒரே வகை. உள்வகையைச் சொல்லும் டைப்ஆஃப் கொண்டு கேட்டால் 39 விதிகளுக்கும் "லாங்குவேஜ்" என்றே பதில் வருகிறது. கிளாஸ் மட்டும் ஏழு இடங்களில் வேறு பெயர் சொல்கிறது: இஃப், ஃபார், வொயில், (, {, <-, =. இந்த ஏழில் ஒன்று அழைப்பின் தலையில் இருந்தால் அதன் பெயரே கிளாஸ் ஆகிவிடும். மற்ற எல்லாமே "கால்". ரிபீட் கூட "கால்"தான், இரட்டை அம்பும் அப்படியே. அச்சிடுவதற்கும் மாடல் கட்டுவதற்கும் எப்போதோ யாருக்கோ இந்தப் பிரிவு பயன்பட்டிருக்கலாம். நம் கேள்விக்கு அது உதவாது.

அவசரத்தில் நான் செய்த முதல் திருத்தம்: கிளாஸை எடுத்துவிட்டு மோட் போட்டேன். ஓடிய விதிகள் 30-லிருந்து 36 ஆயின. நெளிவு அடைப்பு ஐந்தும் இஃப் ஒன்றும் உள்ளே வந்துவிட்டன. மிச்சத்தைப் பார்த்தால், மூன்று "(" விதிகள் இன்னும் வெளியே நின்றன. மோட் என்ற ஃபங்ஷன், வளைவு அடைப்புக்குறி அழைப்புக்கு மட்டும் "(" என்று தனியாகப் பெயர் தருகிறது, மற்ற அழைப்புகளுக்கெல்லாம் "கால்". நீளமான விதி இரண்டு வரிக்கு உடையும்போது முழுவதையும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதும் பழக்கம் எங்கள் குழுவில் ஒருவருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான், படிக்க வசதி. அந்த மூன்று விதிகளும் அவர் எழுதியவை.

அடுத்து இஸ்.கால். இது பெயரைப் பார்ப்பதில்லை, உள்வகையைப் பார்க்கிறது. 39 விதிகள் ஓடின. இரண்டு மிச்சம்.

மிச்சமிருந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதன் கிளாஸ் "நேம்". விதி இதுதான்:

    சம்மதம் = க்வோட்(ஒப்புதல்)

ஒப்புதல் என்பது தரவில் ட்ரூ, ஃபால்ஸ் கொண்ட ஒரு நெடுவரிசை. குழந்தையின் வீட்டார் கணக்கெடுப்புக்குச் சம்மதித்தார்களா என்பதைச் சொல்வது. அந்த நெடுவரிசையே விதி, ஒப்பிடக் குறி எதுவும் தேவையில்லை. அதனால் அது ஓர் அழைப்பே அல்ல, வெறும் பெயர். ஆர் அதைச் சிம்பல் என்கிறது. இஸ்.கால் கேட்டால் ஃபால்ஸ், இஸ்.நேம் கேட்டால் ட்ரூ. 41 விதிகளில் மிக முக்கியமானது எது என்று கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். மிகச் சின்னதாக எழுதப்பட்டதால் அது தவறிப்போயிருக்கிறது.

இங்கேதான் இஸ்.லாங்குவேஜ் பொருந்துகிறது. பெயர், அழைப்பு, எக்ஸ்பிரஷன் (நிரல் துண்டுகள் அடங்கிய பட்டியல்) ஆகிய மூன்றில் எதுவாக இருந்தாலும் அது ட்ரூ சொல்லும். "இந்தப் பொருள் நிரலைக் குறிக்கிறதா" என்பதற்கு ஆர் மொழியின் அடித்தளத்திலேயே இருக்கும் பதில் இதுதான். அதைப் போட்டேன், 40 ஓடின.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்த முறை எல்ஸ் கிளையில் ஸ்டாப் போட்டிருந்தேன். நிரல் அல்லாத எது வந்தாலும் நின்றுவிட வேண்டும், தாண்டக்கூடாது. உடனே 41-ஆவது விதியில் நின்றது. அது வெறும் ட்ரூ. தாயின் வயதைச் சேகரிக்காத சுற்றில் அந்த விதியை அணைத்து வைக்க, தம்பி க்வோட்(ட்ரூ) என்று எழுதியிருக்கிறான். தவறே இல்லை. க்வோட்டுக்குள் ஒரு மாறிலியைப் போட்டால் க்வோட் அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். க்வோட்(5) என்பது 5 என்ற எண்தான், வேறு உறை எதுவும் கிடையாது. ஆகவே இஸ்.லாங்குவேஜ்(க்வோட்(5)) ஃபால்ஸ் சொல்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 5 என்று மட்டும் ஒரு வரியில் எழுதினால் அது முறையான ஆர் நிரல். பார்சர் ஏற்றுக்கொள்ளும், ஓட்டினால் 5 வரும். அப்படியென்றால் 5 நிரலா, இல்லையா? அடித்தள ஆர் "இல்லை" என்கிறது. ஆர்லாங் பேக்கேஜில் உள்ள இஸ்_எக்ஸ்பிரஷன் "ஆமாம்" என்கிறது, ஏனென்றால் பார்சரிடமிருந்து என்னவெல்லாம் கிடைக்குமோ அதெல்லாம் அதன் கணக்கில் நிரல்: பெயர், அழைப்பு, மாறிலி. ஆனால் அதே ஃபங்ஷன், அடித்தள ஆரில் எக்ஸ்பிரஷன் என்று அழைக்கப்படும் பட்டியலுக்கு "இல்லை" என்று சொல்லும். பெயர் ஏறக்குறைய ஒன்று, பதில் நேர் எதிர். அடித்தளத்து இஸ்.எக்ஸ்பிரஷன் அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் ட்ரூ தரும். க்வோட்(அ + ஆ) என்பதை அதனிடம் கேட்டால் ஃபால்ஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மதியம் போனது. எழுதும்போது புள்ளியா, அடிக்கோடா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறிலி என்று சொன்னதால் இன்னும் இரண்டு: -1 என்பது மாறிலி அல்ல. பார்சர் அதைக் கழித்தல் குறியை 1-ன் மேல் அழைப்பதாகவே படிக்கிறது, ஆகவே க்வோட்(-1) ஓர் அழைப்பு. அப்புறம், ட்ரூ என்று முழுதாக எழுதினால் மாறிலி, டி என்ற ஒற்றை எழுத்தில் சுருக்கினால் அது ஒரு பெயர். யாராவது டி என்ற மாறிக்கு வேறு மதிப்புக் கொடுத்திருந்தால் விதியின் பொருளே மாறிவிடும். சுருக்காமல் எழுதுங்கள் என்று குழுவில் கேட்டுக்கொண்டேன்.

நான் எடுத்த முடிவு: ஒற்றை ட்ரூ அல்லது ஃபால்ஸ் வந்தால் ஏற்றுக்கொள்வது, ஆனால் "இந்த விதி அணைக்கப்பட்டுள்ளது" என்று அறிக்கையில் அச்சிடுவது. எண், சொல், நல் (ஒன்றுமில்லை என்னும் வெற்று மதிப்பு) எல்லாவற்றுக்கும் ஸ்டாப். 41-ம் நிற்காமல் கடந்தன.

இதற்குள் இன்னொரு தேவை வந்தது. களத்தில் இருப்பவர்கள் விதிகளை ஒரு உரைக் கோப்பில் எழுதித் தர விரும்பினார்கள், வரிக்கு ஒரு விதி. படித்தால் கிடைப்பது சரம். "எடை_கிகி > 1.5" என்ற சரம் பார்வைக்கு நிரல் போல இருந்தாலும் ஆர் மொழிக்கு அது எழுத்துக்கூட்டம்தான், இஸ்.லாங்குவேஜ் ஃபால்ஸ் சொல்லும். அதைச் சரத்தை நிரலாக மாற்றும் பார்ஸ் வழியாக அனுப்பினேன். பார்ஸ் தருவது எக்ஸ்பிரஷன் பட்டியல். இஸ்.லாங்குவேஜ் ட்ரூ சொல்லிவிட்டது, எவாலும் ஓடியது. எல்லாம் சரி என்று நினைத்தேன்.

சரியில்லை. ஒரு வரியில் இரண்டு விதிகளை அரைப்புள்ளி போட்டு எழுதியிருந்தார் ஒருவர். பட்டியலில் இரண்டு உறுப்பு வந்தது. எக்ஸ்பிரஷன் பட்டியலை எவால் செய்தால் எல்லா உறுப்பும் ஓடும், ஆனால் கடைசி உறுப்பின் விடை மட்டுமே திரும்ப வரும். முதல் விதியின் முடிவு காற்றோடு போய்விட்டது. இதைவிட மோசம் காலி வரி. காலிச் சரத்தைப் பார்ஸ் செய்தால் உறுப்பே இல்லாத பட்டியல் கிடைக்கும். அதுவும் இஸ்.லாங்குவேஜ் சோதனையில் தேறும். எவால் செய்தால் நல். நல்லை மறுத்தால் நீளம் பூஜ்யமான விடை, அதில் விச் தேடினால் எந்த வரிசையும் அகப்படாது. ஆக, இல்லாத விதியில் 2,400 குழந்தைகளும் தேறிவிடுவார்கள்.

ஆர் 3.6.0-ல், அதாவது 2019-ல், ஸ்ட்ர்2லாங் என்று ஒரு ஃபங்ஷன் வந்தது. ஒரு சரத்தைக் கொடுத்தால் ஒரே ஒரு அழைப்பையோ பெயரையோ மாறிலியையோ தரும். ஒன்றுக்கு மேல் இருந்தாலும் ஒன்றும் இல்லாவிட்டாலும் எரர் சொல்லி நிற்கும். கோப்பிலிருந்து வரும் விதிகளுக்கு இதையே வைத்துக்கொண்டேன். எங்கிருந்தாவது எக்ஸ்பிரஷன் பட்டியல் நேரடியாக வந்தால், நீளம் சரியாக 1 என்றால் மட்டும் உள்ளே இருப்பதை எடுப்பேன், இல்லையென்றால் ஸ்டாப்.

தம்பிக்கு ஃபார்முலா பழக்கம். அலைக்குறி போட்டு ~ எடை_கிகி > 1.5 என்று எழுதுவான். ஃபார்முலாவும் உள்ளே அழைப்புதான், அலைக்குறி என்ற ஃபங்ஷனை அழைப்பது. இஸ்.கால் ட்ரூ, இஸ்.லாங்குவேஜ் ட்ரூ. ஆனால் எவால் செய்தால் ட்ரூ, ஃபால்ஸ் வராது, ஃபார்முலாவே திரும்பி வரும். அதை மறுக்கப் போனதும் எரர். நல்ல வேளை, இது சத்தமாகத்தான் உடைந்தது. ஒருபக்க ஃபார்முலாவுக்கு நீளம் 2, இரண்டாவது உறுப்பில் விதி இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டால் போதும். கிளாஸில் "ஃபார்முலா" இருக்கிறதா என்று இன்ஹெரிட்ஸ் கொண்டு பார்த்தேன். அது க்வோட்டுக்குள் எழுதிய அலைக்குறியைத் தவறவிட்டது, ஏனென்றால் அலைக்குறி ஓடினால்தான் அந்தக் கிளாஸும் சூழலும் ஒட்டும், ஓடாதவரை அது வெறும் "கால்". ஆகவே கிளாஸை விட்டுவிட்டு, அழைப்பின் முதல் உறுப்பு அலைக்குறிதானா என்று ஐடென்டிக்கல் வைத்து ஒப்பிட்டேன். அது இரண்டையும் பிடித்தது.

ஃபங்ஷனாகவே விதி எழுதினால்? ஃபங்ஷன் நிரல் அல்ல. கேட்கும்போது முரணாகத் தெரியும். ஆனால் ஃபங்ஷன் என்பது ஏற்கனவே உருவாகிவிட்ட பொருள், டைப்ஆஃப் "குளோஷர்". அதற்குள் நிரல் இருக்கிறது, பாடி கேட்டு எடுக்கலாம். அப்போதும் உஷாராக இருக்க வேண்டும்: 5 என்று மட்டும் திருப்பித் தரும் ஃபங்ஷனின் பாடி வெறும் எண், சம் போன்ற உள்ளமைந்த ஃபங்ஷனின் பாடி நல். விதியாக ஃபங்ஷனை நான் ஏற்கவில்லை. ஒரு காரியத்தை எழுத ஒரே ஒரு வழி இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

இப்போது நுழைவாயில் இப்படி இருக்கிறது:

    விதியாக்கு <- ஃபங்ஷன்(பொ) {
      இஃப் (இஸ்.கேரக்டர்(பொ)) பொ <- ஸ்ட்ர்2லாங்(பொ)
      இஃப் (இஸ்.எக்ஸ்பிரஷன்(பொ)) {
        இஃப் (லெங்த்(பொ) != 1) ஸ்டாப்("ஒரு விதி மட்டும்")
        பொ <- பொ[[1]]
      }
      இஃப் (அலைக்குறியா(பொ)) பொ <- பொ[[2]]
      இஃப் (இஸ்.கால்(பொ) || இஸ்.நேம்(பொ)) ரிட்டர்ன்(பொ)
      இஃப் (இஸ்ட்ரூ(பொ) || இஸ்ஃபால்ஸ்(பொ)) ரிட்டர்ன்(பொ)
      ஸ்டாப்("நிரல் அல்ல: ", டைப்ஆஃப்(பொ))
    }

இஸ்.லாங்குவேஜ் இதில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது மூன்று வகையையும் ஒன்றாகச் சேர்த்து "ஆம்" என்கிறது. எனக்கு எக்ஸ்பிரஷனை முன்பே பிரித்தாக வேண்டியிருந்ததால், மற்ற இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்பது தெளிவாகப்பட்டது. பட்டியல் ஒன்றை மேலோட்டமாக அலசும்போது இன்றும் இஸ்.லாங்குவேஜைத்தான் பயன்படுத்துகிறேன்.

மூன்றாம் நாள் வேறு வேலை. ஒவ்வொரு விதியும் எந்தெந்த நெடுவரிசையைத் தொடுகிறது என்று தெரிந்தால், தரவில் அது இல்லாதபோது முன்கூட்டியே சொல்லலாம். ஆல்.வார்ஸ் என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது உயர விதியில் உ என்ற தற்காலிகப் பெயரையும் நெடுவரிசை போலக் காட்டியது. அதனால் நானே நிரல் மரத்தில் ஏறி இறங்கும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பெயர் என்றால் குறித்துக்கொள், அழைப்பு என்றால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி இதையே செய், அம்புக்குறிக்கு இடப்பக்கம் வரும் பெயரைக் கழித்துவிடு.

38 விதிகளில் அழகாக ஓடியது. 39-ஆவதில் எரர்: உறுப்பு காணவில்லை, அதற்கு இயல்பு மதிப்பும் இல்லை என்ற பொருளில். நான் எந்த உறுப்பையும் விடவில்லையே என்று சுற்றுக்குள் அச்சிட்டுப் பார்த்தால், அச்சிடும் வரியே அதே எரரோடு நின்றது.

விதியில் இப்படி ஒரு துண்டு இருந்தது: எல்லை[மாதம் + 1, ]. காற்புள்ளிக்குப் பின்னால் காலி. வரிசை மட்டும் சொல்லி, நெடுவரிசை எல்லாம் வேண்டும் என்பதற்காக விட்ட காலி. பார்சர் அந்தக் காலியையும் ஓர் உறுப்பாக வைக்கிறது: பெயரே இல்லாத ஒரு பெயர், காலிச் சிம்பல். அதை ஒரு மாறியில் போட்டுத் தொட்டால், விடுபட்ட உறுப்பைத் தொட்டதாக நினைத்து ஆர் எரர் தருகிறது. இஸ்.நேம் அதற்கு ட்ரூ சொல்லும், ஆனால் கேட்பதற்கே மாறியைத் தொட வேண்டுமே. ஃபார் சுற்றில் மாறியைத் தொடாமல் கேட்க எளிய வழி மிஸ்ஸிங்.

    ஃபார் (ப இன் ஆஸ்.லிஸ்ட்(எ))
      இஃப் (!மிஸ்ஸிங்(ப)) நட(ப)

மிஸ்ஸிங் ஃபங்ஷனின் உறுப்புகளுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன், சுற்று மாறிக்கும் அது வேலை செய்கிறது. லூக் டியர்னி எழுதிய கோட்டூல்ஸ் பேக்கேஜின் மூலத்தைத் திறந்து பார்த்தபோதுதான் இதே வரியைக் கண்டேன். அது ஆர் நிறுவும்போது கூடவே வரும் பேக்கேஜ். நிரல் மரத்தில் நடக்க வேண்டியவர்கள் ஒருமுறை அந்தச் சின்ன மூலக் கோப்பைப் படித்துவிடுங்கள், என் ஒரு மாலை உங்களுக்கு மிச்சமாகும்.

அதே மூலத்தில் இன்னொன்றும் கிடைத்தது. விதிக்குள்ளே பெயரில்லா ஃபங்ஷன் எழுதினால், அதன் உறுப்புப் பட்டியல் பேர்லிஸ்ட் என்ற தனி வகை. அது அழைப்பும் அல்ல, பெயரும் அல்ல, இஸ்.லாங்குவேஜ் ஃபால்ஸ் சொல்லும். ஆனால் உறுப்புகளின் இயல்பு மதிப்புகள் அதற்குள்தான் நிரலாக உட்கார்ந்திருக்கும். என் ஃபங்ஷன் அதை இலை என்று நினைத்துத் தாண்டியது. இஸ்.பேர்லிஸ்ட் ஒரு வரி சேர்த்தேன். கடைசியில் விதியை ஒரு காலி ஃபங்ஷனின் பாடியாக வைத்து, கோட்டூல்ஸின் ஃபைண்ட்குளோபல்ஸ் என்பதிடம் கேட்டுப் பார்த்தேன். 41-க்கும் என் விடையும் அதன் விடையும் ஒன்றாக வந்தன. இப்போது அதையே பயன்படுத்துகிறேன், என்னுடையதை எடுத்துவிட்டேன்.

ஒரு இடத்தில் எந்தச் சோதனையும் உதவவில்லை. க்வோட் எழுதும் சிரமம் வேண்டாம் என்று, சப்ஸ்டிட்யூட் வைத்து விதியை அப்படியே பிடிக்கும் ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் எழுதியிருந்தேன். கையால் எழுதி அழைத்தால் நன்றாக வேலை செய்யும். ஒரு சுற்றுக்குள் வி என்ற மாறியில் விதியை வைத்து அழைத்தபோது, அது பிடித்தது வி என்ற பெயரை. உள்ளே இருந்த விதியை அல்ல. இஸ்.நேம் ட்ரூ, நுழைவாயிலும் திறந்துவிட்டது. வி ஒரு பெயர்தான், நிரல்தான், பொய்யில்லை. சம்மத விதியும் இதுவும் வகையளவில் ஒன்றேதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல உள்வகையால் முடியாது.

அதனால் இரண்டாவது காவலை வெளியேறும் இடத்தில் வைத்தேன். எவால் செய்து வந்த விடை லாஜிக்கல் வகையாக இருக்க வேண்டும், நீளம் 1 அல்லது தரவின் வரிசை எண்ணிக்கை. இல்லையென்றால் விதியின் பெயரைச் சொல்லி நிற்க வேண்டும். காலி வரி, ஃபார்முலா, தவறிப் பிடித்த பெயர் எல்லாமே நுழைவாயிலில் தப்பினாலும் இங்கே மாட்டுகின்றன. இதை முதல் நாளே எழுதியிருந்தால் மற்ற எல்லாம் தானாக வெளியே வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அறிக்கையின் முதல் வரியில் இப்போது "41 விதிகள், 40 ஓடின, 1 அணைக்கப்பட்டது" என்று அச்சாகிறது. அந்த எண்ணிக்கை பல மாதமாக இல்லாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

நான்காம் நாள் முழுத் தரவையும் மறுபடி ஓட்டினோம். 17 வரிசைகள் புதிதாகக் குறிக்கப்பட்டன. அதில் 9 இலக்கப் பிழைகள், 7.2 அதில் ஒன்று. 6 வரிசைகளில் நின்று அளந்ததா, படுத்து அளந்ததா என்ற குறிப்பு மாறிப் போயிருந்தது. காகிதப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

மீதி 2, சம்மத விதியில் மாட்டியவை. இரண்டு வீடுகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் அளவுகள் பாதி எழுதப்பட்டிருந்ததால் யாரோ அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டார்கள். அந்த வரிசைகளை மூலக் கோப்பிலிருந்தும் எல்லா நகல்களிலிருந்தும் நீக்கினோம். முந்தைய அறிக்கையின் அட்டவணைகளை 2 குழந்தைகள் குறைத்து மறுபடி கணக்கிட்டு, ஏன் மாறியது என்று ஒரு குறிப்புடன் அனுப்பிவைத்தேன். சம்மத விதி இப்போது பட்டியலில் முதலாவதாக இருக்கிறது, எழுதியிருப்பது அதே ஒற்றைச் சொல்தான்.